ஹாபிட் முதல் மாத்தம் வரை: டோல்கீனின் சொற்கள் பற்றிக் கேட்டவற்றுக்குப் பதில்கள்

ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் தன் கதைகள் நடக்கும் மிடில் எர்த் என்ற கற்பனை உலகத்துக்குச் சொற்களை எங்கிருந்து பிடித்தார் என்று என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதி, அவர் கதையின் எல்ஃப் இனத்துக்கான எல்விஷ் எழுத்தில் பச்சை குத்திக்கொள்ளத் தன் பெயரை எழுதித் தரச் சொல்லிக் கேட்டவை. அவற்றுக்கு என்னிடம் பதில் இல்லை, மன்னிக்கவும். மற்றவை கீழே.

கேள்வி: ஹாபிட் (அவர் கதைகளில் வரும் குட்டை மனித இனம்) என்ற சொல் அவரே உண்டாக்கியதா?

ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும். பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவர் வெறுமையாக விட்டிருந்த பக்கத்தில், நிலத்துக்குள் ஒரு பொந்தில் ஒரு ஹாபிட் வாழ்ந்தது என்று எழுதிவிட்டார். ஏன் எழுதினார் என்பது அவருக்கே தெரியவில்லை. அதிலிருந்து வளர்ந்த கதை 1937இல் ‘தி ஹாபிட்’ என்ற நூலாக வந்தது. வேடிக்கை என்னவென்றால், பிள்ளை பிறந்த பிறகுதான் பாட்டன் பூட்டனைத் தேடினார். பழைய ஆங்கிலத்தில் ‘ஹோல்பிட்லா’, அதாவது பொந்து கட்டுபவன், என்று ஒரு சொல் இருந்திருந்தால் அது தேய்ந்து ஹாபிட் ஆகியிருக்கும் என்று பிற்பாடு கணக்குப் பண்ணி வைத்தார். 1895இல் அச்சான நாட்டார் வழக்குத் தொகுப்பு ஒன்றில் வரும் நீளமான பேய் பிசாசுப் பட்டியலில் ‘ஹாபிட்ஸ்’ என்ற பெயரும் கிடக்கிறது. அதை அவர் பார்த்தார் என்பதற்குச் சான்று இல்லை.

கேள்வி: ஓர்க், என்ட் எல்லாம்கூட இப்படித் தோன்றியவையா?

இல்லை, இவை தோண்டி எடுத்தவை. அவர் தொழிலே அதுதான்: முதல் உலகப் போர் முடிந்ததும் 1919 வாக்கில் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் டபிள்யூ எழுத்துச் சொற்களுக்கு வேர் தேடிக்கொண்டிருந்தவர், பிறகு பழைய ஆங்கிலப் பேராசிரியர். ‘ஓர்க்’ பழைய ஆங்கிலத்தில் பேய் பிசாசைக் குறித்த சொல். ‘என்ட்’ என்றால் அரக்கன். ரோமானியர் விட்டுப்போன பாழடைந்த கல் கட்டடங்களைப் பார்த்து அந்தக் காலக் கவிஞர்கள் ‘என்டுகளின் கைவேலை’ என்று பாடினார்கள். அந்தப் பெயரை எடுத்து மரம் மேய்க்கும் மரங்களுக்குக் கொடுத்துவிட்டார். குள்ளர்களின் பெயர்கள் பெரும்பாலும் பழைய நார்ஸ், அதாவது பழைய ஸ்காண்டிநேவிய மொழிக் கவிதையின் பெயர்ப் பட்டியலிலிருந்து வந்தவை. கதையின் மந்திரவாதி காண்டால்ஃபின் பெயரும் அங்கேதான் இருக்கிறது, அங்கே அவரும் ஒரு குள்ளர்!

எனக்கு மிகவும் பிடித்தது ‘மாத்தம்’. பழைய ஆங்கிலத்தில் இது அரசர்கள் பரிசளிக்கும் விலைமதிப்புள்ள பொருள். ஹாபிட்டுகளிடம் வரும்போது அது, பயனும் இல்லை, தூக்கிப்போடவும் மனசு வரவில்லை என்று வீட்டில் சேர்ந்துபோய், அப்புறம் யாருடைய பிறந்தநாளுக்காவது பரிசாகக் கைமாறிக்கொண்டே இருக்கும் சாமான். நம் வீட்டுப் பரணைப் பாருங்கள். ஒரு இனத்தின் சுபாவம் முழுவதையும் ஒரே சொல் சொல்லிவிடுகிறது, புதிதாக ஒரு எழுத்தும் கண்டுபிடிக்காமல்.

கேள்வி: குள்ளர்களுக்குப் பன்மை ‘டுவார்ஃப்ஸ்’தானே? அவர் ‘டுவார்வ்ஸ்’ என்று எழுதியது பிழையா?

பிழைதான், அவரே ஒத்துக்கொண்டார். பின்னால் அதற்குக் காரணமும் கற்பித்தார்: இது கேலிக் கதைக் குள்ளர்கள் இல்லை, வேறு இனம், ஆகவே வேறு பன்மை. உண்மையில் அந்தச் சொல் இயல்பாக வளர்ந்திருந்தால் பன்மை ‘டுவாரோஸ்’ ஆகியிருக்க வேண்டும் என்பார். அந்த வடிவத்தை ‘டுவாரோடெல்ஃப்’ என்ற சுரங்க நகரத்தின் பெயரில் ஒளித்து வைத்தார். 1953இல் அடுத்த பெரிய கதையான ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ அச்சுக்குப் போனபோது அச்சுக்கோப்பவர்கள் அகராதியைப் பார்த்து ‘டுவார்வ்ஸ்’ எல்லாவற்றையும் திருத்திவிட, அவர் திரும்பவும் மாற்ற வைக்க வேண்டியிருந்தது.

கேள்வி: தக்காளி விஷயம் உண்மையா?

உண்மை. முதல் நூலில் கோழியும் தக்காளியும் கேட்கிற இடம் ஒன்று உண்டு. 1966 பதிப்பில் தக்காளி போய் ஊறுகாய் வந்தது. தக்காளி அமெரிக்கக் கண்டத்துப் பயிர் அல்லவா. அதே நூலில் தாராளமாக வரும் புகையிலைக்கும், பிந்திய பெரிய கதையில் ‘பைப்-வீட்’ என்று உள்ளூர்ப் பெயர் கிடைத்தது. ஆனால் உருளைக்கிழங்கு தப்பித்துவிட்டது, அதுவும் அதே கண்டத்துச் சரக்குதான். பெரிய கதையில் வரும் சாம் என்ற ஹாபிட் அதற்காக உயிரை விடுவான் என்பதால் கைவைக்க மனம் வரவில்லை போலிருக்கிறது, இது என் ஊகம்.

கேள்வி: ஹாபிட்டுகள் எப்படி ஆங்கிலம் பேசுகிறார்கள்?

பேசவில்லை. அவர்கள் பேசுவது வெஸ்ட்ரான் என்ற பொதுமொழி, நாம் படிப்பது அதன் ‘மொழிபெயர்ப்பு’ என்று பெரிய கதையின் பின்னிணைப்பில் சொல்கிறார். கதாநாயக ஹாபிட் ஃபிரோடோவின் நிஜப் பெயர் மௌரா, ஹாபிட்டுகள் தங்களைச் சொல்லிக்கொள்வது ‘குதுக்’. வெஸ்ட்ரானை ஆங்கிலமாக்கினால், அதற்குப் பழைய உறவுள்ள ரோஹன் நாட்டு மொழியைப் பழைய ஆங்கிலமாக்க வேண்டும் என்று கணக்கு. கெட்டிக்காரத்தனமான தப்பிப்பு என்பேன், ஆனால் கடைசிவரை ஒழுங்காகக் காப்பாற்றினார்.

கேள்வி: பொழுதுபோக்காகத் தமிழில் மொழிபெயர்க்கிறேன். ஃபிரோடோவின் குடும்பப் பெயரான பேகின்ஸை அப்படியே விடலாமா?

விடக்கூடாது என்பது அவர் கட்சி. டச்சு, ஸ்வீடிஷ் மொழிபெயர்ப்புகளைப் பார்த்து எரிச்சலாகி, 1960களில் மொழிபெயர்ப்பாளர்களுக்காகவே பெயர்க் குறிப்பு ஒன்று எழுதினார். பேகின்ஸில் பை என்ற பொருள் தெரிய வேண்டும், ஓர்க் மட்டும் ஓர்க்காகவே இருக்கட்டும் என்கிறது அது. தமிழில் ‘பை’ சேர்த்தால் பையன் ஆகிவிடும், ‘சாக்கு’ என்றால் சாக்குப்போக்கு ஞாபகம் வரும். ‘மூட்டையார்’ எனக்குப் பரவாயில்லை என்று படுகிறது. எல்ஃப் என்பதைத் ‘தேவதை’ ஆக்கிவிடாதீர்கள், உடனே சிறகு முளைத்துவிடும். ஜெர்மனிலும் இதே சிக்கல் வந்துதான் ‘எல்ஃபன்’ வேண்டாம் என்று பழைய ‘எல்பன்’ வடிவத்தைப் பிடித்தார்கள்.

கேள்வி: இவ்வளவு பார்த்தவர், ரயிலே இல்லாத உலகத்தில், பிறந்தநாள் வாணவேடிக்கையில் டிராகன் ‘எக்ஸ்பிரஸ் ரயில் மாதிரி’ போனது என்று எழுதலாமா?

வெஸ்ட்ரானிலிருந்து ‘மொழிபெயர்த்தவர்’ தன் காலத்து வாசகருக்காகப் போட்ட உவமை என்று சமாளிக்கலாம், பலர் சமாளிக்கிறார்கள். நான் பதிப்பாசிரியராக இருந்திருந்தால் அடித்திருப்பேன்.