நான்கு தோழிகள், 135 கிலோமீட்டர், ஒரு மூட்டு வலி

கேள்வி: பர்மிங்ஹாமில் வசிக்கிறேன். மதுரையில் ஒன்றாகப் படித்த நாங்கள் நான்கு தோழிகள் இந்த வருடம் ஐம்பதைத் தொடுகிறோம். அதைக் கொண்டாட, வட இங்கிலாந்தின் ஹேட்ரியன் சுவர்ப் பாதையை முழுதாக நடப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். லண்டனில் இருப்பவள் தினமும் ஓடுகிறவள். ஆறே நாளில் முடித்துவிடலாம் என்கிறாள். கோயம்புத்தூரிலிருந்து வருபவளுக்கு மூட்டு வலி. கேட்டால் "ஒண்ணுமில்லடி" என்பாள். மூன்றாமவள் முட்டைகூடச் சாப்பிடாதவள். ஏற்பாடு எல்லாம் என் தலையில். முப்பது வருட நட்பு இந்த ஒரு நடையில் கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் பயம் நியாயமானது. சேர்ந்து சாப்பிட்டுப் பேசிப் பிரிகிற நட்புக்கு வராத சோதனை, நாள் முழுக்கச் சேர்ந்து நடக்கும்போது வரும். ஈரக் காலுறை, பசி, "இன்னும் எவ்வளவு தூரம்?" என்ற கேள்வி எல்லாம் சேர்ந்து, நல்ல மனுஷியையும் சிடுசிடுக்க வைத்துவிடும். ஆனால் உங்கள் மூன்று தோழிகளைப் பற்றியும் நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், சண்டை எங்கே வரும் என்று உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கிறது. அது பெரிய பலம். அதை வைத்தே திட்டம் போடுவோம்.

பாதையை நன்றாகத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். நியூகாசிலை ஒட்டிய வால்ஸெண்டில் தொடங்கி, மேற்குக் கரையில் பௌனஸ்-ஆன்-சால்வே வரை 135 கிலோமீட்டர். கி.பி. 122-இல் ஹேட்ரியன் என்ற ரோமப் பேரரசரின் ஆணைப்படி கட்டத் தொடங்கிய சுவரைத் தொட்டுத் தொட்டுப் போகும் வழி. 2003-இல்தான் இதைத் தேசிய நடைபாதையாகத் திறந்தார்கள். உங்கள் கூட்டத்துக்கு இது ஏன் பொருந்துகிறது என்றால், பாதைக்கு இணையாக, தெற்கே சில மைல் தள்ளி, நியூகாசில்–கார்லைல் ரயில் ஓடுகிறது. அதே ஊர்களை இணைத்து 685 என்ற பஸ்ஸும் ஓடுகிறது. போதாததற்கு, ஈஸ்டருக்குப் பிறகு இலையுதிர் காலம் வரை ஏடி122 என்ற பஸ், ஹெக்ஸமுக்கும் ஹால்ட்விசிலுக்கும் நடுவே, சுவரின் மிக அழகான பகுதியை ஒட்டியே போய்வருகிறது. எண்ணைக் கவனித்தீர்களா, சுவர் தொடங்கிய ஆண்டு அது. இங்கிலாந்தின் நெடும்பாதைகளில் இவ்வளவு வசதி எல்லா இடத்திலும் கிடையாது. பென்னைன் பாதையின் நடுவில் கால் வலித்தால், அடுத்த ஊர் வரை நடந்தே தீர வேண்டிய இடங்கள் உண்டு.

அதனால் உங்களுக்கு நான் சொல்லும் முதல் காரியம்: பஸ் ஏறுவதைத் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள். யாருக்காவது முடியாமல் போனால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், கோயம்புத்தூர்த் தோழி பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பாள். வலியை மறைக்கிறவர்களிடம் "முடியுமா?" என்று கேட்டால் "முடியும்" என்றுதான் பதில் வரும். அப்படிக் கேட்காதீர்கள். "மூன்றாம் நாள் மதியத்துக்கு மேல் நானும் நீயும் பஸ்ஸில் போகிறோம், அவர்கள் இரண்டு பேரும் நடந்து வரட்டும்" என்று நீங்களே முன்கூட்டிச் சொல்லுங்கள். கூட ஒருத்தி வருகிறாள் என்றால் அவளுக்கு அது தோல்வியாகத் தெரியாது.

இரண்டாவது, தினம் ஒரு ஊரில் தங்காதீர்கள். நியூகாசில், ஹெக்ஸம், ஹால்ட்விசில், கார்லைல் என்று நான்கே ஊர்களில் இரண்டு மூன்று இரவாகத் தங்கி, காலையில் பஸ்ஸோ டாக்ஸியோ பிடித்து முந்தைய நாள் விட்ட இடத்துக்குப் போய் நடங்கள். பெரிய பை அறையிலேயே இருக்கும். முதுகில் மழைக்கோட்டும் மதியச் சாப்பாடும் தண்ணீரும் போதும். ஒருத்திக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்றாலும் ஊருக்குள் இருந்துகொள்ளலாம். ஹெக்ஸமில் ஏழாம் நூற்றாண்டில் நிறுவிய தேவாலயம் இருக்கிறது. அதன் நிலவறையை ரோமானியர் செதுக்கிய கற்களை எடுத்தே கட்டியிருக்கிறார்கள். அரை நாள் அங்கேயே போய்விடும். இந்த ஏற்பாட்டில் டாக்ஸிச் செலவு கூடும்தான். நான்காகப் பிரித்தால் தாங்கும்.

ஆறு நாள் என்பது நாளுக்கு 22 கிலோமீட்டருக்கு மேல். ஓடுகிற தோழிக்கு அது ஒன்றுமில்லை, மற்ற மூவருக்கும் அதிகம். பத்து நாள் எடுங்கள். அதற்காக அவளை எல்லா நாளும் கட்டிப்போடவும் கூடாது; அவளுக்கும் இது ஐம்பதாவது வருடக் கொண்டாட்டம். முதல் நாளை அவளுக்குக் கொடுங்கள். வால்ஸெண்டில் நால்வரும் சேர்ந்து புறப்பட்டு, டைன் ஆற்றங்கரையோடு நியூகாசில் பாலங்கள் வரை நடங்கள். பிறகு அவள் மட்டும் ஹெடன் வரை மீதித் தூரத்தை முடிக்கட்டும். அந்த நாள் மொத்தம் 24 கிலோமீட்டர் அளவுக்கு வரும், பெரும்பாலும் தார், சிமெண்ட் தரை. புல் தரையைவிட இதுதான் மூட்டைப் பதம் பார்க்கும். பாதை முழுவதையும் ஒரு அடி விடாமல் நடந்தேன் என்று சொல்லும் பெருமை அவளுக்கு வேண்டுமானால் அவளுக்கு இருக்கட்டும். நீங்கள் மூவரும் ஆற்றங்கரையில் டீ குடியுங்கள்.

நடுப்பகுதியில் மட்டும் அவசரப்படவே வேண்டாம். சோலர்ஃபோர்டிலிருந்து ஹவுஸ்டெட்ஸ் கோட்டை வரை ஒரு நாள், அங்கிருந்து கிரீன்ஹெட் வரை ஒரு நாள். ஒவ்வொன்றும் 15 கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் கரும்பாறை முகட்டின் மேல் சுவர் ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போகும். வடக்குப் பக்கம் செங்குத்தான சரிவு, கீழே ஏரி, கண்ணுக்கு எட்டும்வரை ஆள் இல்லாத வெளி. வின்ஷீல்ட்ஸ் என்ற இடம்தான் உச்சி, 345 மீட்டர். உயரம் பெரிதில்லை, ஸ்டீல் ரிக் பக்கத்துக் கல்படிகளில் இறங்குவதுதான் மூட்டுக்குக் கஷ்டம். வழியில் ஒரு பள்ளத்தில் தனியாக நின்ற பிரபலமான சைக்கமோர் மரத்தை 2023 செப்டம்பரில் வெட்டிவிட்டார்கள். எனக்கு அது இன்னும் ஆறவில்லை. வேரிலிருந்து துளிர் விட்டிருக்கிறது, நின்று பாருங்கள்.

கோயம்புத்தூர்த் தோழி இப்போதே பிஸியோதெரபிஸ்ட் ஒருவரைப் பார்க்கட்டும். அவர் சரி என்றால் மருதமலைப் படிகளில் பழகலாம். ஏறுவதைவிட இறங்கிப் பழகுவதுதான் முக்கியம். கையில் இரண்டு நடைக்கோல்கள், காலில் ஏற்கெனவே போட்டுப் பழகிய, தண்ணீர் புகாத ஷூ. புது ஷூவோடு விமானம் ஏறவே கூடாது. விசாவுக்கும் அவள் சீக்கிரமே விண்ணப்பிக்க வேண்டும். பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்க விடுகிறார்கள்.

எந்த மாதம் என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன்: செப்டம்பர். பள்ளி விடுமுறை முடிந்து கூட்டம் குறைந்திருக்கும், ஏடி122 பஸ்ஸும் ஓடும். குளிர்காலத்தில் ஈர மண்ணில் நடந்தால் அடியில் புதைந்து கிடப்பவை சேதமாகும் என்பதால், மே முதல் அக்டோபர் வரை வரும்படிதான் பாதையைப் பராமரிப்பவர்களே கேட்டுக்கொள்கிறார்கள். இன்னொன்றும் கேட்கிறார்கள்: சுவர்மேல் ஏறாதீர்கள், புல்வெளியில் வரிசையாக ஒருவர் பின் ஒருவராகப் போகாமல் பக்கம் பக்கமாக நடங்கள், அப்போதுதான் புல் தேயாது. பேச நிறைய இருக்கும் தோழிகளுக்கு இதைவிட வசதியான விதி எங்கே கிடைக்கும்?

செப்டம்பர் என்று சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சுவருக்குச் சற்றுத் தெற்கே விண்டோலாண்டா என்ற ரோமக் கோட்டை இருக்கிறது. 1973 முதல் அங்கே மண்ணுக்கடியிலிருந்து மெல்லிய மரத்தகடுகளில் எழுதிய கடிதங்கள் கிடைத்துவருகின்றன. அதில் ஒன்று, கி.பி. 100-ஐ ஒட்டி, கிளாடியா செவேரா என்ற பெண் தன் தோழி லெபிடினாவுக்கு எழுதியது. செப்டம்பர் 11 என் பிறந்தநாள், நீ கட்டாயம் வர வேண்டும், நீ வந்தால்தான் எனக்கு அந்த நாள் இனிக்கும் என்கிறாள். எழுத்தர் எழுதிய கடிதத்தின் கடைசியில் தன் கையாலேயே, சகோதரி என்று விளித்து, சில வரிகள் சேர்த்திருக்கிறாள். ஒரு பெண் லத்தீனில் எழுதியதாக நமக்குத் தெரிந்த மிகப் பழைய கையெழுத்துகளில் அதுவும் ஒன்று. அந்தத் தகடு இருப்பது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில். ஆனால் அதே தொகுப்பைச் சேர்ந்த வேறு சில கடிதங்களை விண்டோலாண்டாவிலேயே பார்க்கலாம். ஐம்பது வயதைக் கொண்டாட வரும் நான்கு தோழிகள் செப்டம்பர் 11-ஐ நடைக்கு ஓய்வு நாளாக வைத்து அங்கே போகாமல் இருக்கலாமா? ஹால்ட்விசிலில் தங்கியிருந்தால் பஸ்ஸிலேயே போய்வரலாம்.

சாப்பாடு நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. பப்களில் சைவம் நிச்சயம் கிடைக்கும், முட்டை இல்லாதது கொஞ்சம் தேட வேண்டும். அறை பதிவு செய்யும்போதே எழுதிச் சொல்லிவிட்டால் காலையில் காளான், தக்காளி, பீன்ஸ், ரொட்டி என்று வைப்பார்கள். சமையலறையை இரவு எட்டரை, ஒன்பதுக்கே மூடிவிடுகிற இடங்கள் உண்டு, நேரத்தைக் கேட்டு வையுங்கள். நடுப்பகுதியில் வழியில் கடை அரிது. மதியத்துக்கானதை ஊரிலேயே வாங்கிக்கொண்டு புறப்படுங்கள். கோயம்புத்தூரிலிருந்து பருப்புப் பொடியும் வரட்டும்.

அப்புறம், "ஏற்பாடு எல்லாம் என் தலையில்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிதான் எனக்குக் கவலையாக இருந்தது. எல்லாவற்றையும் ஒருத்தி செய்தால், மழை பெய்தாலும் அவள் குற்றம்தான். அறைப் பதிவை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பஸ், ரயில் நேரம் லண்டன் தோழிக்கு. சாப்பாட்டு விசாரணை மூன்றாமவளுக்கு. பணம் கோயம்புத்தூர்த் தோழியிடம்: எல்லோரும் ஒரே தொகையைப் போட்டு, டீ முதல் டாக்ஸி வரை அதிலிருந்து எடுங்கள். யாருக்குத் தனி அறை வேண்டும், யார் குறட்டை விடுவார்கள் என்பதையும் வெட்கப்படாமல் இப்போதே பேசிவிடுங்கள். தூக்கம் கெட்டால் மறுநாள் மலையேற்றத்தைவிடப் பெரிய தொல்லை அதுதான்.

கடைசி நாள், கார்லைலிலிருந்து பௌனஸ் வரை, தூரம் 24 கிலோமீட்டர் என்றாலும் தட்டைத் தரை. மூட்டு வலிக்காரருக்கும் ஒத்துவரும். வழியில் டாக்ஸிக்கு நிற்கவும் ஊர்கள் உண்டு. ஆனால் டிரம்பர்க் என்ற ஊருக்கு முன்னால் சதுப்பு நிலத்தின் ஓரமாகப் போகும் நேர்ச்சாலை, கடல் ஏற்றம் பெரிதாக இருக்கும் நாட்களில் தண்ணீருக்குள் போய்விடும். தேதி முடிவானதும் அந்த நாளின் ஏற்ற நேரத்தைப் பார்த்து, அதற்கேற்ப எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று குறித்து வையுங்கள். பௌனஸிலிருந்து கார்லைலுக்குத் திரும்ப நாளுக்குச் சில பஸ்கள்தான். அந்த நேரத்தையும் லண்டன் தோழியின் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.