நுரையை அடக்காதீர்கள், பிடியுங்கள்

கேள்வி: சாறு பிழிந்த ஆரஞ்சுச் சக்கையில் பேசில்லஸ் சப்டிலிஸ் பாக்டீரியாவை வளர்த்து, சர்பாக்டின் என்ற பயோசர்பாக்டன்ட் (நுண்ணுயிர் உண்டாக்கும், சோப்பைப்போல் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருள்) எடுக்க முயல்கிறோம். பல தடவை வளர்ச்சியே இல்லை. வளர்ந்தாலோ, நுரை பொங்கி வழிந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதல் சந்தேகம் தோலின் மேல்தான். ஆரஞ்சுத் தோலை மடித்தால் பீச்சியடிக்குமே, அந்த எண்ணெயில் பெரும்பகுதி லிமோனீன். பாக்டீரியாவை அது எழவிடாது. காற்றோட்டமான இடத்தில் சக்கையைத் தண்ணீர் விட்டுத் திறந்தபடி கொதிக்கவைத்து, மணம் நன்றாகத் தணிந்தபின் வடிகட்டுங்கள். வடிநீர் புளிப்பாக, பி.ஹெச். 4-ஐ ஒட்டி இருக்கும். சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு 7-க்கு ஏற்றுங்கள்.

பழக்கழிவில் சர்க்கரை தாராளம், நைட்ரஜன் பஞ்சம். சர்க்கரை லிட்டருக்கு 20 கிராம் அளவில் இருக்கும்படி நீர்த்து, 3 கிராம் அம்மோனியம் சல்பேட், பாஸ்பேட் உப்புகள், சில மில்லிகிராம் இரும்பு, மாங்கனீசு உப்பு சேருங்கள். பாஸ்பேட்டை விட்டுவிடாதீர்கள்: அம்மோனியத்தை உண்ண உண்ண ஊடகம் புளித்துப்போகும்; அதைத் தாங்கிப் பிடிப்பது பாஸ்பேட்தான். நைட்ரஜன் உப்பைத் (அம்மோனியம் சல்பேட்டை) தனியாக ஆட்டோகிளேவ் செய்து, அதாவது அழுத்த நீராவியில் கிருமி நீக்கி, பிறகு கலப்பது நல்லது. சர்க்கரையோடு சேர்த்துச் சூடாக்கினால் பழுப்பேறும்.

நுரைக்கு வருவோம். வழிந்து போவது கழிவல்ல, உங்கள் சரக்கேதான்! சர்பாக்டின், பாக்டீரியா வளர்ந்த திரவமான குழம்பைவிட நுரையில்தான் செறிவாக இருக்கும். நுரையடக்கியை ஊற்றினால் பிறகு பிரிப்பதும் சோதிப்பதும் சிக்கலாகும். நொதிகலனின் (பாக்டீரியாவை வளர்க்கும் கலனின்) காற்று வெளியேறும் குழாயை அகன்ற வாய்க் குடுவைக்குள் விட்டு, நுரையை அங்கே படியவிடுங்கள். குலுக்கியில் வளர்ப்பதானால் 500 மில்லி குடுவையில் 100 மில்லிக்கு மேல் வேண்டாம்.

சேர்ந்த நீரைச் சென்ட்ரிஃபியூஜில் சுற்றி முதலில் செல்களை நீக்குங்கள். அப்புறம்தான் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு பி.ஹெச். 2-க்கு இறக்கி, இரவு முழுக்க 4 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும்; சர்பாக்டின் வீழ்படிவாக அடியில் இறங்கும். வரிசை மாறினால் வீழ்படிவில் பாதி செல்லாகவே இருக்கும்.

கேள்வி: தண்ணீர்மேல் பரப்பிய எண்ணெய்ப் படலத்தில் எங்கள் குழம்பை ஒரு சொட்டு விட்டதும் எண்ணெய் வட்டமாக விலகுகிறது. வெற்றிதானே?

பதில்: அவசரம் வேண்டாம். பாக்டீரியா சேர்க்காத அதே ஊடகத்தையும் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சக்கையிலிருந்து வந்த பெக்டின், புரதம், தோல் எண்ணெய் எல்லாம் சோதனையைக் குழப்பும். பரப்பு இழுவிசையை அளக்க முடிந்தால் இன்னும் தெளிவு: தண்ணீருக்கு மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன், நல்ல சர்பாக்டின் அதை 27 வரை இறக்கும். உங்கள் குழம்பு 50-லேயே நின்றால், விளைந்தது மிகக் குறைவு.