செம்பியன் மாதேவி யார்? அவருடைய குடும்பம் எது?

சோழ அரசி; மழவரையர் என்ற சிற்றரசர் குலத்தில் பிறந்தவர். முதலாம் பராந்தகனின் மகன் கண்டராதித்த சோழனை மணந்தார். தில்லைக் கூத்தனைத் திருவிசைப்பா என்ற சைவப் பாடல் தொகுப்பில் பாடிய அதே கண்டராதித்தர்தான். அவர் மறைந்தபோது மகன் சிறுவன் என்பதால் அரியணை தம்பி அரிஞ்சயன் வழிக்குப் போனது. அந்த மகன் உத்தம சோழன் முடிசூட ஏறக்குறைய 971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 985-இல் ராஜராஜன் வந்துவிட்டான்.

நான்கைந்து அரசர்களைக் கண்ட இந்த அம்மையாரை அரண்மனையில் தேடுவதைவிடக் கோயில்களில் தேடுங்கள். செங்கல் கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக, அதாவது கற்கோயில்களாக, மாற்றியவர். கும்பகோணம் பக்கத்திலுள்ள கோனேரிராஜபுரம் சிவன் கோயிலுக்குப் போனால் கருவறையின் தெற்குச் சுவரைப் பாருங்கள்: கண்டராதித்தர் லிங்கத்தை வணங்கும் சிறு சிற்பம். கணவர் பெயரால் மாதேவி எடுப்பித்த கோயில் இது என்கிறது கீழேயுள்ள கல்வெட்டு. திருப்பணியை நடத்திய சாத்தன் குணபத்தனின் பெயரையும் பொறித்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.