கல்விக் கடன்: மேலாளர் வாயால் சொன்ன மறுப்பை ஏற்காதீர்கள்

கேள்வி: கலந்தாய்வில் என் மகளுக்குத் தனியார் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. நான்கு ஆண்டுக்கும் சேர்த்து 3.8 லட்சம் ரூபாய் கல்விக் கடன் கேட்டு ஓர் அரசு வங்கிக்குப் போனோம். என் கணவரின் டிராக்டர் கடன் நிலுவையில் இருப்பதால் சிபில் (கடனைத் திருப்பிக் கட்டிய வரலாற்றைக் காட்டும் மதிப்பெண்) சரியில்லையாம். வீட்டுப் பத்திரம் கொடுத்தால் பார்க்கலாம் என்றார் மேலாளர். விண்ணப்பத்தையே வாங்கவில்லை. வழக்குப் போடலாமா?
- வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: இப்போதைக்கு வழக்கு வேண்டாம் அம்மா. இன்றைய நிலையில் நீங்கள் கடன் கேட்டதற்கும் சான்று இல்லை, அவர் மறுத்ததற்கும் சான்று இல்லை. வெறும் கையோடு நீதிமன்றம் போனால் வங்கி, "இவர்கள் விண்ணப்பிக்கவே இல்லையே" என்று சொல்லிவிடும். முதலில் கல்விக் கடனுக்கான மத்திய அரசின் வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நகலைக் கிளைக்கு விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்), பதிவும் ஒப்புகையும் சேர்த்து அனுப்புங்கள்.

பத்திரம் கேட்டது தவறு. 4 லட்சம் வரையிலான கல்விக் கடனுக்குச் சொத்துப் பிணை வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையெழுத்திட்டால் போதும். அந்த வீட்டுப் பத்திரத்தைத் தயவுசெய்து எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

சிபில் விஷயம் அவ்வளவு எளிதல்ல. படித்து முடித்த பின் மாணவர் திருப்பிக் கட்டும் திறனைத்தான் பார்க்க வேண்டும், பெற்றோரின் சிபில் மதிப்பெண்ணைக் காட்டி மறுக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் கூறியிருக்கிறது. நமக்குக் கைகொடுக்கும் தீர்ப்புதான். ஆனால் தமிழ்நாட்டு நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. அதனால் உங்கள் பெயரில் கடன் பாக்கி இல்லை என்றால், கணவருக்குப் பதில் நீங்களே இணைக் கடனாளியாகச் சேருங்கள். தாய் சேர எந்தத் தடையும் இல்லை.

இந்திய வங்கிகள் சங்கத்தின் கல்விக் கடன் மாதிரித் திட்டப்படி, மறுப்பதென்றால் கிளை மேலாளர் தானாக மறுக்க முடியாது. மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டும். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். அரசு வங்கி என்பதால் 30 நாளில் பதில் தர வேண்டும். அதே சமயம் வங்கியின் வட்டார அலுவலகத்துக்கும் புகார் எழுதுங்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம் (வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் அதிகாரி) போகலாம், கட்டணம் கிடையாது.

இவ்வளவும் செய்து, எழுத்தில் மறுப்பு கைக்கு வந்தால், அப்புறம் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு (அரசு அமைப்பு விதிப்படி நடக்க உத்தரவிடக் கோரும் மனு) போடலாம். 'கடன் கொடு' என்று நேரடியாக உத்தரவு கிடைப்பது அரிது. 'இத்தனை வாரத்தில் விதிப்படி பரிசீலி' என்ற உத்தரவுக்கு நல்ல வாய்ப்பு உண்டு.

கல்லூரியில் கட்டணக் கெடு நெருங்கினால், விண்ணப்ப எண்ணையும் தபால் ஒப்புகையையும் காட்டி எழுத்தில் அவகாசம் கேளுங்கள். கூடவே ஒன்றைச் சரிபாருங்கள்: மகள் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்து, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் பெற்றவரா? அப்படியானால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே ஏற்கும். கடனே தேவைப்படாமல் போகலாம். அது இல்லையென்றாலும், குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கிக் கட்டணச் சலுகை கேளுங்கள்.