எமிலியின் கோடுகள்: ஒரு கடிதம்

வணக்கம்,

ஆஸ்திரேலியப் பழங்குடி ஓவியர் எமிலி காமே உங்வாரே பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இணையத்தில் அவர் ஓவியங்களைத் தேடினேன். புள்ளிகளால் நிறைந்தவை பிடித்தன. வெறும் கோடுகளாக இருப்பவற்றில் என்ன இருக்கிறது? அமெரிக்க அரூப ஓவியங்களைப் பார்த்துப் போட்டது போலத் தெரிகிறது. சடங்குக் கோலம் என்கிறீர்கள், அப்படியானால் அதை விற்கலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அந்தக் கோடுகள் உடம்பிலிருந்து வந்தவை. நடு ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகருக்கு வடகிழக்கே யுட்டோப்பியா என்ற வறண்ட பகுதி, அங்கே எமிலியின் இனமான அன்மாட்யெர் பெண்கள் அவெல்யே என்ற தங்கள் சடங்குக்கு உட்கார்ந்தால் மேனியில் கொழுப்பைத் தடவி, காவிக்கல்லும் வெள்ளை மண்ணும் கரியும் பொடித்து, விரலாலோ சிறு குச்சியாலோ தோளிலிருந்து மார்பின் மேல் வளைந்து இறங்கும்படி பட்டை பட்டையாக இழுப்பார்கள். ஒருத்திக்கு இன்னொருத்தி போட்டுவிடுவாள், கை ஓடும்போதே பாட்டும் ஓடும். எந்த நிலத்துக்கு, எந்தக் கிழங்குக்கு உரிய கோலம் என்பதெல்லாம் அந்தப் பாட்டில் இருக்கிறது. நினைத்தவர்கள் போட்டுவிட முடியாது, உரிமை வேண்டும்.

எமிலி 1910 வாக்கில் பிறந்தவர். துணியில் மெழுகிட்டுச் சாயமேற்றும் பாத்திக் கற்றது 1970களின் கடைசியில், அக்ரிலிக் வண்ணத்தைத் தொட்டது 1988 வாக்கில். அதற்குள் வாழ்நாள் முழுக்கப் பெண்களின் மேனியில் போட்டுப் பழகிய கை அது. இதில் அமெரிக்க ஓவியம் எங்கிருந்து வந்தது? கித்தானைக்கூட அவர் நிறுத்தி வைத்து வரையவில்லை, தரையில் விரித்துப் பக்கத்தில் உட்கார்ந்துதான் போட்டார். 1994 வாக்கில் வந்த கோட்டு ஓவியம் ஒன்றைப் பெரிதாக்கிப் பாருங்கள். கோடு நேராகப் போகாது, தூரிகையில் சாயம் தீர்ந்து மங்கியதும் மறுபடி தோய்த்துத் தொடர்ந்ததும் தெரியும். எனக்கு அவருடைய புள்ளிகளைவிட இவைதான் மேல்.

சரி, விற்கலாமா? எதை வெளியாருக்குக் காட்டலாம், எதைக் கூடாது என்பது அந்தப் பெண்களுக்குத் தெரியும், நாம் காவல் நிற்க வேண்டியதில்லை. யுட்டோப்பியா நிலத்துக்கு உரிமை கோரி விசாரணை நடந்தபோது அவெல்யே ஆடிக் காட்டியவர்கள் அவர்கள், அதுவும் சாட்சியம்தான்.

எனக்கு உறுத்துவது வேறு. எமிலி 1996இல் இறந்தார். 2007இல் அவருடைய 'எர்த்ஸ் கிரியேஷன்' ஓவியம் பத்து லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் ஏலம் போனது. மறுவிற்பனையில் ஓவியருக்கோ வாரிசுக்கோ பங்கு தரும் சட்டம் அங்கே நடைமுறைக்கு வந்ததோ 2010இல்.