பெனிடோர்ம் போகச் சீட்டைக் கழித்து எடுக்கலாமா?

கேள்வி: லண்டனில் இருக்கிறோம். நான், மனைவி, 11, 7 வயதில் இரண்டு பிள்ளைகள், மாமி. ஒரு கிழமை ஸ்பெயினில் பெனிடோர்ம் போக ஆசை. விமானம், ஹோட்டல் சேர்த்த பேக்கேஜ் ஆகஸ்டில் 4,100 பவுண்ஸ். அதே ஹோட்டல் அக்டோபர் ஹாஃப் டேர்மில் (பள்ளியின் இடைத்தவணை விடுமுறையில்) 2,900. சேமிப்பில் 3,000 இருக்கிறது. கிரெடிட் கார்டில் 1,800 கடன், வட்டி 24 வீதம், மாதம் 150 கட்டுகிறேன். அதைவிட மாதம் 300 மிச்சம் பிடிக்கிறேன். 5,000 பவுண்ஸ் சீட்டு ஒன்றும் ஓடுகிறது. இப்போது ஏலத்தில் கழித்து எடுத்தால் 900 போகும். சீட்டை எடுப்பதா, கார்டில் போடுவதா? பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பாமல் செப்டம்பரில் போனால் இன்னும் மலிவு என்கிறார்கள். மாமியிடம் இலங்கைக் கடவுச்சீட்டுதான். இங்கே நிரந்தர வதிவிட உரிமை உண்டு.

பதில்: சீட்டைத் தொடாதீர்கள். 900 கழிவு போக உங்கள் கைக்கு வருவது 4,100. ஆகஸ்ட் பேக்கேஜின் விலையும் அதேதான். ஆக, 4,100 பவுண்ஸ் பயணத்துக்கு 5,000 பவுண்ஸ் சீட்டைக் கொடுத்துவிட்டு, வந்த பிறகும் மாதாமாதம் கட்டிக்கொண்டிருப்பீர்கள். கழிவில் உங்களுக்கும் ஒரு பங்கு வரும் என்று தாச்சி, அதாவது சீட்டை நடத்துபவர், சொல்வார். வரும்தான், ஆனால் ஆளாளுக்குப் பிரித்தபின் அது சில்லறைக் காசு. வீட்டுக்கு முற்பணம் என்றால் நானே எடுக்கச் சொல்லியிருப்பேன்.

கார்டுக் கடனை முதலில் முடியுங்கள். 1,800க்கு 24 வீதம் என்றால் மாதம் 36 பவுண்ஸ் வட்டிக்கே போகிறது. சேமிப்புக் கணக்கு எதுவும் அந்த அளவு தராது. 3,000இலிருந்து 1,800ஐக் கட்டினால் 1,200 கையிருப்பாக நிற்கும். கார்டுக்குப் போன 150உம் இனி உங்களுடையது. மாதம் 450 சேரும்.

இப்போது மார்ச். ஜூலை வரை ஐந்து மாதத்தில் 2,250. பேக்கேஜின் மிச்சக் காசைப் பெரும்பாலும் பயணத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கிழமை முன்னர் கேட்பார்கள். அக்டோபர் கடைசிப் பயணம் என்றால் அது ஆகஸ்டில் வரும். குறைகிற 650ஐக் கையிருப்பிலிருந்து எடுங்கள். ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபரில் சேரும் 1,350இல் அந்த 650ஐத் திருப்பி வைத்தால், அங்கே செலவழிக்க 700 இருக்கும். கடன் இல்லை, சீட்டும் அப்படியே ஓடும்.

அக்டோபரில் கடல் குளிருமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். கோடை முழுக்கச் சூடேறிய மத்தியதரைக் கடல் அவ்வளவு சீக்கிரம் குளிராது. மாலையில் ஒரு மேற்சட்டை தேவைப்படும், அவ்வளவுதான். ஆனால் நீர்ப்பூங்காக்கள் குளிர்காலத்தில் மூடும். பிள்ளைகளுக்கு அதுதான் முக்கியம் என்றால் அந்தத் திகதிகளில் திறந்திருக்குமா என்று பார்த்துவிட்டுப் பதியுங்கள்.

செப்டம்பர் யோசனையில் எனக்கு நம்பிக்கை இல்லை. இங்கிலாந்தில் அனுமதியில்லாமல் ஐந்து பள்ளிநாள் தவறினால் அபராதம் வரும்: ஒவ்வொரு பெற்றோருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் 80 பவுண்ஸ், 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160. உங்கள் வீட்டுக் கணக்கில் குறைந்தது 320. மலிவு என்று நினைத்ததில் பாதி அங்கேயே போய்விடும்.

முற்பணத்தைக் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். 100 பவுண்ஸுக்கு மேல், 30,000 வரை விலையுள்ள ஒன்றுக்கு ஒரு பகுதியையாவது கார்டில் கட்டியிருந்தால், 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு முழு விலைக்கும் கார்டு நிறுவனத்தைப் பொறுப்பாக்குகிறது. இடையில் வேறொரு முகவர் நின்றால் இது சிக்கலாகலாம், எனவே விற்பவரிடமே நேராகப் பதியுங்கள். பழைய கடன் நிற்கும் கார்டில் புதிதாக வாங்கினால் வட்டியில்லாத நாட்கள் பொதுவாகக் கிடைக்காது, அதனால் கடனைத் தீர்த்த பிறகே இதைச் செய்யுங்கள். பேக்கேஜுக்கு அட்டோல் (ATOL) என்ற காசுப் பாதுகாப்புச் சான்றிதழ் வருகிறதா என்றும் பாருங்கள். நிறுவனம் விழுந்தால் காசு திரும்பும்.

ஹோட்டல் இருக்கும் இடமும் செலவைத் தீர்மானிக்கும். பெனிடோர்மில் லெவாந்தே, பொனியெந்தே என்று இரண்டு பெரிய கடற்கரைகள், நடுவில் பழைய நகரம். லெவாந்தே பக்கம் இரவு முழுக்கப் பாட்டும் பாரும். அதிலும் ரிங்கோன் தெ லோயிஷ் பகுதி இங்கிலாந்துக்காரர்களின் கோட்டை. அங்கே சில ஹோட்டல்கள் மேட்டில் இருக்கின்றன, மாமிக்கு ஏற முடியாவிட்டால் ஒவ்வொரு பயணமும் டாக்ஸிதான். பொனியெந்தே பக்கம் அமைதி. நான் என்றால் பொனியெந்தேயில் பழைய நகரத்துக்குக் கிட்ட எடுத்து, கொண்டாட்டம் பார்க்க மாலையில் நடந்து போவேன். மூன்று வேளையும் ஹோட்டலிலேயே சாப்பிடும் திட்டத்துக்குக் காசு கொட்ட வேண்டாம். காலையும் இரவும் போதும். மதியத்துக்கு ‘மெனு தெல் தியா’ என்று கடை வாசல் பலகையில் எழுதியிருப்பார்கள்: இரண்டு வகைச் சாப்பாடு, பெரும்பாலும் இனிப்போ கோப்பியோ சேர்த்து ஒரே விலை. பில் கட்டும்போது மெஷின் பவுண்ஸா யூரோவா என்று கேட்டால் யூரோவை அழுத்துங்கள். பவுண்ஸை அழுத்தினால் மாற்று விகிதத்தை அவர்கள் இஷ்டத்துக்கு வைப்பார்கள்.

மாமியின் விஷயத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். நிரந்தர வதிவிட உரிமை இருந்தாலும் இலங்கைக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் வீசா (ஸ்பெயின் உட்பட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவானது) கட்டாயம். கட்டணம் 90 யூரோ, விண்ணப்ப நிலையத்தின் சேவைக் கட்டணம் வேறு. மறுத்தால் அது திரும்பாது. குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்புறுதியும் காட்ட வேண்டும். இவற்றை இப்போதைக்குக் கையிருப்பிலிருந்து கட்டிவிட்டு, அந்த 700இல் கழித்துக்கொள்ளுங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்னரே விண்ணப்பிக்கலாம். உங்களுக்கு அது ஏப்ரல் கடைசி. பதியும் முன் நிறுவனத்திடம் ஒன்றைக் கேளுங்கள்: வீசா கிடைக்காமல் ஒருவர் மட்டும் விலகினால் எவ்வளவு பிடிப்பீர்கள், மற்ற நால்வரின் அறை விலை ஏறுமா? பதிலை மின்னஞ்சலில் எழுதி வாங்கிய பிறகு முற்பணத்தைக் கட்டுங்கள்.