மருந்தேற்றிய மரத்தில் டெக்: ஹூஸ்டன் புழுக்கத்துக்குத் தாங்குமா?

கேள்வி: ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டியில் வசிக்கிறோம். செங்கல் முகப்பு வைத்த வீடு. வாங்கும்போதே பின்புறம் ஒரு மர டெக் (தரையிலிருந்து சற்று உயர்த்திய திறந்த மரத் தளம்) இருந்தது, பிரஷர் ட்ரீட்டட், அதாவது அழுத்தத்தில் மருந்தேற்றிய மரம் என்றுதான் சொன்னார்கள். கட்டிப் பத்து வருடம்கூட ஆகவில்லை. வீட்டை ஒட்டிய பக்கம் கால் வைத்தால் அமுங்குகிறது. கழற்றிப் பார்த்தால் மேல் பலகைகள் நன்றாகத்தான் இருக்கின்றன, அடியில் இருக்கும் சட்டங்கள்தான் உளுத்துப்போயிருக்கின்றன. அதே இடத்தில் 16-க்கு 14 அடியில், இரண்டடி உயரத்தில் புதிதாகக் கட்ட வேண்டும். மறுபடியும் ட்ரீட்டட் மரமா, மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த காம்போசிட்டா? இந்த ஊர் வெயிலையும் ஈரத்தையும் மரம் தாங்குமா?

பதில்: தாங்கும், தாராளமாகப் போடலாம். ஆனால் நீங்கள் கழற்றிப் பார்த்ததை நன்றாகக் கவனியுங்கள். வெயிலும் மழையும் நேராக விழும் பலகை பிழைத்திருக்கிறது. நிழலில் மறைந்திருந்த சட்டம் செத்துவிட்டது. டெக்கைக் கெடுப்பது மழை இல்லை. மழை விட்ட பிறகும் காயாமல் இடுக்கில் தங்கும் ஈரம். மருந்தேற்றிய மரம் தண்ணீரைத் தடுக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். தடுக்காது. மற்ற மரத்தைப் போல அதுவும் தண்ணீரைக் குடிக்கும், உப்பும், சுருங்கும், விரிசல் விடும். பூஞ்சையும் கரையானும் அந்த மரத்தைத் தின்ன முடியாதபடி செய்வது மட்டும்தான் மருந்தின் வேலை. மருந்து போய்ச் சேராத இடமும் காயாத ஈரமும் ஒன்றாக அமைந்தால் மரம் நிற்காது.

காம்போசிட் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். காம்போசிட் டெக் என்றாலும் பெரும்பாலும் மேல் பலகை மட்டும்தான் காம்போசிட். அடியில் பலகையைத் தாங்கும் சட்டமான ஜாயிஸ்ட், அதைத் தாங்கும் விட்டமான பீம், தூண் எல்லாம் இதே மருந்தேற்றிய மரம்தான். உங்களுக்குக் கெட்டதே அந்த அடிப்பகுதி. அதைச் சரியாகக் கட்டாமல் மேலே எவ்வளவு விலை உயர்ந்த பலகை போட்டாலும் பயனில்லை.

மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை அதை உளுக்கவைக்கும் பூஞ்சையால் ஒன்றும் செய்ய முடியாது. நார் முழுக்க ஊறி 30 சதவீதத்தை நெருங்கும்போதுதான் அது வேகம் எடுக்கும். 75 முதல் 90 டிகிரி ஃபாரன்ஹீட் சூடு அதற்கு ரொம்பப் பிடிக்கும். வடக்கே மினசோட்டாவில் பனிக்காலம் முழுக்க பூஞ்சை முடங்கிக் கிடக்கும். ஹூஸ்டனில் அப்படி ஓய்வே கிடையாது, வருடத்துக்குச் சுமார் 50 அங்குல மழை வேறு. எந்த ஊரில் மரம் எவ்வளவு சீக்கிரம் கெடும் என்று கணக்கிட அமெரிக்க வனப்பொருள் ஆய்வகத்தின் தியோடர் ஷெஃபர் 1971இல் ஒரு சூத்திரம் கொடுத்தார். அதில் அவர் எடுத்துக்கொண்டது மாதத்தின் சராசரி வெப்பமும், மழை பெய்த நாட்களின் எண்ணிக்கையும். எத்தனை அங்குலம் பெய்தது என்பது அந்தக் கணக்கில் வராது, எத்தனை நாள் நனைந்தது என்பதுதான் வரும். அந்தக் கணக்கில் மெக்சிகோ வளைகுடாக் கரை நாட்டிலேயே மிக அதிக ஆபத்துள்ள பட்டையில் விழுகிறது.

சரி, மரத்துக்கு வருவோம். கடையில் ஒரு கட்டையை எடுத்தால் அதன் முனையில் ஸ்டேப்ளர் அடித்த சிறு பிளாஸ்டிக் சீட்டு இருக்கும். விலையைப் பார்ப்பதற்கு முன் அதைப் படியுங்கள். யூசி3பி (UC3B) என்று இருந்தால் தரைக்கு மேல் மட்டும் பயன்படுத்த வேண்டியது, யூசி4ஏ (UC4A) என்று இருந்தால் மண்ணைத் தொடலாம். எம்சிஏ என்ற நுண்துகள் தாமிர மருந்தில் முதல் வகைக்கு ஒரு கன அடி மரத்துக்கு 0.06 பவுண்டு மருந்து, இரண்டாவதற்கு 0.15 பவுண்டு. கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு வித்தியாசம், ஆனால் பார்வைக்கு இரண்டும் ஒரே பச்சை, சில சமயம் ஒரே அடுக்கில்கூடக் கிடக்கும். பிறகு மாற்றுவதற்குக் கஷ்டமான ஜாயிஸ்ட், பீம் போன்றவை தரைக்கு மேலே இருந்தாலும் யூசி4ஏ-வாக இருக்க வேண்டும் என்று அமெரிக்க மரப் பாதுகாப்புச் சங்கம் 2016இல் தன் தரவிதியைத் திருத்தியது. உங்கள் பழைய சட்டங்களில் அந்தச் சீட்டு எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால் பாருங்கள், யூசி3பி என்று இருக்க நிறைய வாய்ப்பு. புதிய டெக்கில் அடிப்பகுதி முழுக்க யூசி4ஏ. இதில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

நம் ஊரில் மரம் வாங்கப் போனால் வைரம் பாய்ந்த கட்டையாகப் பார்த்து எடுக்கச் சொல்வார்கள். தேக்குக்கும் வேங்கைக்கும் அது சரி. ஹூஸ்டனில் கிடைக்கும் சதர்ன் பைன் மரத்துக்கு அதைத் தலைகீழாக வைத்துக்கொள்ளுங்கள். பைனின் வைரம் தானாக அவ்வளவு உறுதி இல்லை, மருந்தையும் உள்ளே விடாது. வெளிப்பகுதி மரம்தான் அழுத்தத்தில் மருந்தை முழுக்கக் குடிக்கும். ஒரு கட்டையின் வெட்டு முனையைக் கண்ணருகே வைத்துப் பார்த்தால் தெரியும்: ஓரமெல்லாம் பச்சை ஏறியிருக்கும், நடுவே வெளுத்த மஞ்சளில் ஒரு திட்டு. அந்தத் திட்டில் மருந்து இல்லை. திட்டு பெரிதாக உள்ள கட்டையைத் தூண், பீம் இரண்டுக்கும் எடுக்காதீர்கள்.

இதில் நாம் பெருமைப்பட ஒரு விஷயம் உண்டு. தாமிரம், குரோமியம், ஆர்சனிக் மூன்றையும் சேர்த்து மரத்துக்குள் நிலைநிறுத்தும் முறையை 1933இல் கண்டுபிடித்தவர் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்த சோண்டி காமேசம். சிசிஏ என்ற அந்த மருந்துதான் பல பத்தாண்டுகள் உலகெங்கும் மின்கம்பங்களையும் டெக்குகளையும் காப்பாற்றியது. ஆர்சனிக் காரணமாக 2003 முடிவோடு அமெரிக்க வீட்டு உபயோகத்திலிருந்து அது விலக்கப்பட்டது. அதற்குப் பிறகு வந்த மருந்துகள் தாமிரத்தையே நம்பி இருப்பவை.

ரம்பம் போட்ட இடமெல்லாம் மருந்தில்லாத மரம் வெளியே வந்துவிடும். வெட்டிய ஒவ்வொரு முனையிலும், துளைத்த ஒவ்வொரு ஓட்டையிலும் காப்பர் நாஃப்தனேட் கரைசலைத் தூரிகையால் நன்றாக ஊறும்படி பூசுங்கள். மரம் நீர் குடிக்கும் வாய் அந்த முனைதான். ஒப்பந்தக்காரர் வைத்துக் கட்டுவதாக இருந்தால், இதைக் கூலிக் கணக்கில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். யாரும் கவனிக்காவிட்டால் விட்டுப்போகும் முதல் வேலை இதுதான்.

அடுத்தது, வீட்டோடு சேர்ப்பது. சேர்க்காதீர்கள். உங்கள் வீட்டுச் செங்கல் வெறும் முகப்பு. உள்ளே சுமை தாங்குவது மரச்சட்டம், நடுவில் காற்றிடைவெளி. அந்த முகப்புச் செங்கலில் லெட்ஜர் எனும் தாங்கு பலகையை முடுக்கி டெக்கின் பாரத்தைத் தாங்கவைக்கக் கட்டட விதியும் இடம் தருவதில்லை. உங்கள் டெக்கில் வீட்டை ஒட்டிய பக்கம் அமுங்கியதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்: செங்கலுக்கும் பலகைக்கும் நடுவே தண்ணீர் இறங்கி, வெளியே போக வழியில்லாமல் நின்றிருக்கும். தன் காலிலேயே நிற்கும் டெக்காகக் கட்டி, சுவரிலிருந்து ஓரிரு அங்குலம் தள்ளி நிறுத்துங்கள். செங்கல் வரிசையின் அடியில் இருக்கும் வீப் ஹோல் எனும் சிறு துளைகள் மூடிப்போகக் கூடாது. கான்கிரீட் தளத்தின் விளிம்பும் கண்ணுக்குத் தெரிய வேண்டும், கரையான் ஏறுகிறதா என்று பார்க்க முடிவது அங்கேதான். ஹூஸ்டனில் சாதாரணக் கரையானோடு ஃபார்மோசன் கரையானும் உண்டு. 1965இலேயே இங்கே ஒரு கப்பல் கட்டும் தளத்தில் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். உங்கள் டெக்கின் மரத்தை அது தொடாமல் போகலாம், ஆனால் டெக்கின் மறைவில் மண்வழி கட்டிக்கொண்டு வீட்டுக்குள் இருக்கும் மருந்தில்லாத சட்டத்துக்குப் போகும்.

உங்கள் அளவுக்கு 2×8 அங்குலம் என்று விற்கும் கட்டை ஜாயிஸ்டுக்குப் போதும். சதர்ன் பைனில் 16 அங்குல இடைவெளியில் அது 11 அடி 10 அங்குலம் வரை தாங்கும். ஜாயிஸ்டை 14 அடிப் பக்கமாக ஓடவிட்டு, இரு ஓரத்திலிருந்தும் ஒன்றரை அடி உள்ளே தள்ளி ஒவ்வொரு பீம் வைத்தால் நடுவில் 11 அடிதான் வரும். பீமுக்கு இரண்டு 2×8 சேர்த்து, ஒவ்வொரு வரிசையிலும் நான்கு தூண் கொடுங்கள். இரண்டு கட்டையைச் சேர்க்கும் இடம் ஈரம் தங்க அருமையான இடம் என்பதை மறக்க வேண்டாம். பீமின் மேலும் ஒவ்வொரு ஜாயிஸ்டின் மேலும் பியூட்டைல் டேப் எனும் நீர் புகாத ஒட்டுநாடாவை ஒட்டிவிடுங்கள். பலகையின் திருகாணி ஓட்டை வழியாக ஜாயிஸ்டுக்குள் இறங்கும் தண்ணீரை அது தடுக்கும். மொத்தச் செலவில் இது சின்னத் தொகை, இந்த ஊரில் இதைப் போல் ஆயுள் கூட்டும் பொருள் வேறு இல்லை என்பது என் கருத்து.

தாமிரம் ஏறிய ஈர மரத்தில் சாதாரண ஆணி அரித்துப்போகும். பெட்டியில் கால்வனைஸ்டு என்று இருந்தால் மட்டும் போதாது, ஹாட்-டிப் கால்வனைஸ்டு (உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்தது) என்று இருக்க வேண்டும். மின்முலாம் பூசியது வேண்டவே வேண்டாம். மேல் பலகைக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணி இன்னும் நல்லது. கேட்டிக்கு 304 ரகம் போதும், கேல்வெஸ்டன் கடலோரம் என்றால் 316. ஜாயிஸ்டின் முனையைத் தாங்கும் உலோகப் பிடியான ஜாயிஸ்ட் ஹேங்கரில் டெக் திருகாணி போடக் கூடாது, அதற்கென்று உள்ள ஹேங்கர் ஆணிதான். அலுமினியத் தகட்டை இந்த மரத்தோடு நேராகத் தொடவிடாதீர்கள்.

தூண்களைக் கான்கிரீட்டுக்குள் புதைக்கும் பழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது. புதைத்தால் அந்தக் குழி தண்ணீர் தேங்கும் கிண்ணமாகிவிடும். கான்கிரீட் பாதத்தை மண்ணுக்கு மேலே கொஞ்சம் தூக்கி, அதன்மேல் ஓரங்குலம் உயர்த்திப் பிடிக்கும் இரும்புத் தாங்கியில் தூணை நிறுத்துங்கள். பாதம் எவ்வளவு ஆழம் என்பதில் இங்கே உறைபனி பிரச்சினையே இல்லை, களிமண்தான் பிரச்சினை. மழையில் உப்பி, கோடையில் வெடித்துச் சுருங்கும் மண் அது. மேலாக வைத்த பாதம் அதோடு சேர்ந்து ஏறி இறங்கும், டெக் கோணும். உங்கள் பகுதியில் எவ்வளவு ஆழம் கேட்கிறார்கள் என்று பெர்மிட் அலுவலகத்தில் விசாரித்துவிட்டுத் தோண்டுங்கள். தோண்டுவதற்கு இரண்டு வேலைநாள் முன்பே 811-ஐ அழைத்தால் மண்ணுக்குள் போகும் கேஸ், மின்சாரக் குழாய்களை இலவசமாக அடையாளம் போட்டுத் தருவார்கள்.

டெக்குக்கு அடியில் இருக்கும் தரை வீட்டிலிருந்து வெளியே சரிய வேண்டும், பத்தடிக்கு ஆறங்குலம். பக்கவாட்டை அழகுக்காகப் பலகையால் முழுக்க அடைத்துவிடாதீர்கள், காற்று குறுக்கே ஓட வேண்டும். புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் தலை ஒன்று டெக்கைப் பார்த்துத் திரும்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். தினமும் காலையில் நனையும் மரம், மழையே பெய்யாத மாதத்திலும் காயாது.

மேல் பலகைக்கு முடிந்தால் கேடிஏடி கேளுங்கள், அதாவது மருந்தேற்றிய பிறகு சூளையில் உலர்த்தியது. விலை கூடத்தான், ஆனால் வளைவதும் முறுக்குவதும் வெகுவாகக் குறையும். இதற்குக் கால் அங்குல இடைவெளி விடலாம். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு போதும் என்பார்கள், ஆனால் இங்கே குளிர்காலம் முடியும்போது லைவ் ஓக் இலை கொட்டும்; குறுகிய இடுக்கில் அது மக்கிச் சேறாகி, பலகையின் ஓரத்தை ஈரமாகவே வைத்திருக்கும். சாதாரண ஈரப் பலகை என்றால் தூக்கும்போதே கனம் தெரியும், திருகாணி இறங்கும்போது தலையைச் சுற்றித் தண்ணீர் கசியும். அதை நெருக்கி அடித்துவிடுங்கள், காயும்போது இடைவெளி தானாக வரும். ஒரு அங்குலப் பலகைக்கு ஜாயிஸ்ட் 16 அங்குலத்துக்கு மேல் விலகக் கூடாது. பலகையைச் சாய்வாகப் போடுவதென்றால் 12.

ஸ்டெயின் எனும் மரச்சாயம் பூச அவசரம் வேண்டாம். பலகைமேல் நாலு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உருண்டு நின்றால் இன்னும் ஈரம் இருக்கிறது, காத்திருங்கள். உடனே உறிஞ்சினால் பூசலாம். பெயின்ட் போல மேலே படலமாக நிற்பது வேண்டாம். இந்த வெயிலில் அது வெடித்து, வெடிப்பு வழியே போன தண்ணீரைப் பூட்டி வைத்துக்கொள்ளும். உள்ளே ஊறும், மர ரேகை தெரியும் அளவுக்கு மெல்லிய நிறமுள்ள ஸ்டெயின், பூஞ்சணத் தடுப்பு சேர்த்ததாகப் பாருங்கள். வெளிர் நிறமாக எடுங்கள், ஜூலை மதியம் வெறுங்காலோடு குழந்தைகள் நடக்க வேண்டும். பலகை சுடும் நேரத்தில் பூசாதீர்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மறுபூச்சு தேவைப்படும். கறுப்புப் பூஞ்சணம் படிந்தால் சோடியம் பெர்கார்பனேட் கலந்த டெக் கிளீனரும் மென்மையான பிரஷும் போதும். பிரஷர் வாஷரை நெருங்கிப் பிடித்தால் நார் கிழிந்து, மரம் முன்னைவிட அதிகமாக நீர் குடிக்கும்.

பெர்மிட் விஷயம்: மாதிரிக் கட்டட விதியில், வீட்டோடு சேராத, 30 அங்குலத்துக்கு மேல் உயராத, வீட்டின் கட்டாய வெளியேறு வாசலுக்கு முன் அமையாத, 200 சதுர அடிக்கு மிகாத டெக்குக்கு பெர்மிட்டிலிருந்து விலக்கு உண்டு. உங்களுடையது 224 சதுர அடி, அதனால் இந்த விலக்கு பொருந்தாது. நகர எல்லைக்குள்ளா வெளியிலா என்பதைப் பொறுத்து நடைமுறை மாறும். ஹெச்ஓஏ எனும் குடியிருப்பு வீட்டுரிமையாளர் சங்கம் இருந்தால் வரைபடத்தோடு அவர்களிடமும் முதலில் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

பழைய மரத்தைப் பின்புறத்தில் போட்டு எரிக்கவோ, பார்பிக்யூவுக்கு விறகாக்கவோ கூடாது. உங்கள் டெக் 2003-க்குப் பிந்தையது என்பதால் ஆர்சனிக் இருக்க வாய்ப்பில்லை, ஆனாலும் அந்தப் புகையும் சாம்பலும் நல்லதல்ல. குப்பை நிறுவனத்திடம் மருந்தேற்றிய மரம் என்று சொல்லியே ஒப்படைத்துவிடுங்கள். புதிய கட்டைகளை அறுக்கும்போது முகக்கவசம் போட்டுக்கொண்டு, தூளைப் பிளாஸ்டிக் விரிப்பில் சேகரியுங்கள். கறிவேப்பிலைத் தொட்டிக்கு உரமாக அந்தத் தூளைப் போட்டுவிடாதீர்கள்.